மறுமொழி: ‘ஐசோலேட்டட் பவர் சப்ளை’க்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களுக்கு மின்சாரம் கொடுக்கிற ஒரு பெட்டிதான் ‘ஐசோலேட்டட் பவர் சப்ளை’. நம் சொற்பட்டியலில் அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி. ‘பவர் சப்ளை’க்கு ‘மின்வழங்கி’ என்பது வரை யாருக்கும் தகராறு இல்லை. பெடல் பெடலாகவே இருக்கட்டும். காட்பாடியில் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் வேறு பெயரில் அதைத் தேட மாட்டார்கள். முடிவாக வேண்டியது ‘ஐசோலேட்டட்’ மட்டும்தான். கடையில் விலை எகிறுவதும் அந்தச் சொல்லுக்காகத்தான். அதனால் வாங்குபவருக்குப் புரியும்படி அமைய வேண்டும்.

ஆம்பூர் தம்பி சொன்ன ‘காப்பிட்ட மின்வழங்கி’ ஒத்துவராது. மின்காப்பு என்றால் கம்பியின் மேலுள்ள உறை என்றுதான் பள்ளியிலிருந்தே படித்திருக்கிறோம். ராணிப்பேட்டை ஐயாவின் ‘தனிமடை’ அழகான சொல், காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிக்கும். ஆனால் மடை எத்தனை இருந்தாலும் தண்ணீர் ஒரே ஏரியுடையது. இந்தப் பெட்டிக்குள் நடப்பது அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மின்மாற்றியில் தனித் துணைச்சுருள், அல்லது தனியாக ஒரு சிறு மின்மாற்றியே இருக்கும். ஆற்றல் காந்தப்புலம் வழியாகத் தாவுகிறதே தவிர, ஒரு வெளியீட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் கம்பித் தொடர்பே கிடையாது.

அது ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் சபையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே 9 வோல்ட் அடாப்டரிலிருந்து ஓவர்டிரைவுக்கும் (ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் பெடல்) டிஜிட்டல் டிலேவுக்கும் (எதிரொலி தரும் பெடல்) மின்சாரம். பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய சத்தம். ஓவர்டிரைவை மட்டும் பேட்டரிக்கு மாற்றியதும் சத்தம் போய்விட்டது. டிலேவுக்குள் ஓடும் கடிகாரத் துடிப்பின் இரைச்சல், பொதுவான நெகட்டிவ் கம்பி வழியாக ஓவர்டிரைவுக்குள் புகுந்து, அங்கே பலமடங்கு பெருகி வந்திருக்கிறது.

ஆக, பிரிந்திருப்பது சுற்று. என் பரிந்துரை ‘தனிச்சுற்று மின்வழங்கி’. ‘தனிமுனை’ என்றும் யோசித்தேன், வேண்டாம். எட்டு முனை வைத்து, உள்ளே எட்டையும் ஒன்றாகவே இணைத்த பெட்டிகள் நிறைய விற்கின்றன. வாங்கும்போதே பார்த்துவிடலாம்: சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைக் கம்பித் தொடர்பு பார்க்கும் நிலையில் வையுங்கள். இரண்டு வெளியீடுகளின் நெகட்டிவிலும் ஆளுக்கொரு முனையை வைத்தால், ‘பீப்’ என்றால் தனிச்சுற்று இல்லை. பெரும்பாலான பெடல்களில் நெகட்டிவ் நடு ஊசியில் இருக்கும், வெளி வளையம் பாசிட்டிவ்; அதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

அடுத்து ‘டெய்சி செயின்’, அதாவது ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் கம்பி. குடியாத்தம் அண்ணா ‘தொடர்க்கம்பி’ என்கிறார். இதை நான் அழுத்தமாகவே மறுக்கிறேன். பாடப்புத்தகத்தில் தொடரிணைப்பு என்றால் மின்னழுத்தம் பங்குபோகும், திருவிழா சீரியல் பல்பு மாதிரி. இந்தக் கம்பியோ பக்க இணைப்பு. எல்லாப் பெடலுக்கும் அதே 9 வோல்ட்தான் போகிறது, கூடுவது மின்னோட்டம். ‘தொடர்’ என்று படித்துவிட்டு ஐந்து பெடலுக்கு 45 வோல்ட் வேண்டும் என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டால் அவன்மேல் குற்றமில்லை. ‘கிளைக்கம்பி’ போதும்.

பழைய பிஎன்பி வகை (டிரான்சிஸ்டரில் ஒரு வகை) ஜெர்மானியம் ‘ஃபஸ்’ (fuzz) பெடலை மற்றவற்றோடு ஒரே மின்வழங்கியில் ஓட்டுபவர்களுக்குத் தனிச்சுற்று வசதிக்காக அல்ல, கட்டாயம். அதில் பாசிட்டிவ்தான் தரை (பொதுக்கம்பி), மற்றப் பெடல்களில் நெகட்டிவ். கிளைக்கம்பியில் மற்றவற்றோடு மாட்டினால் அடாப்டரே ஷார்ட் ஆகும்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

தனிச்சுற்று மின்வழங்கி: வெளியீடுகளுக்கிடையே கம்பித் தொடர்பு இல்லாத மின்வழங்கி. ஒவ்வொரு வெளியீடும் எத்தனை மில்லி ஆம்பியர் தரும் என்பதைத் தனித்தனியே குறிக்க வேண்டும்; ஓவர்டிரைவுக்குப் பத்துக்குள் போதும், பெரிய டிஜிட்டல் பெடல்கள் 300-க்கு மேலும் கேட்கும்.

அண்ணா, ‘கிளைக்கம்பி’க்கு நீங்கள் சம்மதம் சொன்னால் இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.