ஈ.சி.ஆரில் கன்னியாகுமரி வரை: வழியில் என்ன வாங்கலாம்?

பல்லாவரம்காரன்:
அரையாண்டு லீவில் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறோம். மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, ராமேஸ்வரம், தூத்துக்குடி, கடைசியில் கன்னியாகுமரி. நிறுத்துகிற ஊரிலெல்லாம் ஞாபகத்துக்கு ஒரு பொருள் வாங்கியே ஆகணும் என்பது மகளின் உத்தரவு. வாங்கலாம்தான். ஆனால் எந்தக் கடற்கரையில் இறங்கினாலும் அதே சிப்பிக் கண்ணாடி, அதே சோழி சாவிக்கொத்து; மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்தான் வேறு. அந்தந்த ஊரில் செய்கிற பொருளாகச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ராமேஸ்வரத்தில் வலம்புரிச் சங்கு வேண்டுமாம்.

உடன்குடி மருமகள்:
எனக்குப் பிறந்த வீடு புதுச்சேரி, வாக்கப்பட்டது உடன்குடிப் பக்கம். இந்த ரோடு அத்துப்படி.

மாமல்லபுரத்தில் கடை முகப்பைப் பார்த்து நிற்காமல், உளிச் சத்தம் வருகிற பட்டறைக்குள் போங்கள். கைக்கு அடக்கமான பிள்ளையார், யானையெல்லாம் பெரும்பாலும் மாக்கல். அடியில் நகத்தால் கீறினால் வெள்ளையாகக் கோடு விழும். கோடு விழுந்தால் கருங்கல் விலை கொடுக்காதீர்கள்.

புதுச்சேரியில் ஆசிரமத்துக் கைக்காகித நோட்டு மகளுக்குப் பிடிக்கும். வில்லியனூர் சுடுமண் பொம்மை அழகு, ஆனால் டிக்கியில் உடையும். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ராமேஸ்வரத்தில்தான் கவனம். 1964 புயலில் இடிந்த தனுஷ்கோடி சர்ச் பக்கமெல்லாம் சிப்பிக் கடைகள். பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, காய்ந்த கடல்குதிரை என்று யார் நீட்டினாலும் தொடாதீர்கள். மூன்றுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. விற்கிறவருக்கு மட்டுமில்லை, வாங்குகிறவருக்கும் வம்பு. அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்: அசல் வலம்புரி லட்சத்தில் ஒன்று என்பார்கள். சில நூறு ரூபாய்க்கு வலம்புரி என்று தருவது வேறு ஏதோ கடலின் வேறு ஜாதி நத்தைக் கூடு. சாதாரணச் சங்கே போதும், ஊதினால் நன்றாகவே சத்தம் வரும்.

தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி சேர்த்துச் செய்வது. கடல்காற்றில் சீக்கிரம் நமத்துவிடும், காற்றுப் புகாத டப்பா கொண்டுபோங்கள். அங்கிருந்து மணப்பாடு வழியாக வந்தால் பனை ஓலைப் பெட்டி, கொட்டான். பக்கத்திலேயே எங்கள் உடன்குடி. கருப்பட்டியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மினுமினுத்தால் சீனி கலந்தது. எங்கள் மாமியார் மூக்கில் வைத்தே சொல்லிவிடுவார், நமக்கு அதெல்லாம் வராது.

நாஞ்சில் வாத்தியார்:
மேலே எழுதிய உடன்குடி மருமகளுக்கு ஒரு வழிமொழிதல். கன்னியாகுமரிக்கு நான் சேர்க்கிறேன். அங்கே மணல் பாக்கெட் விற்பார்கள். சிவப்பு மணல் கார்னெட், கறுப்பு இல்மனைட். இரண்டு கனிமங்களும் அந்தக் கரையில் இயற்கையாகவே உண்டு. நீலமும் ரோஸும் பாக்கெட்டில் இருந்தால் அது சாயம். அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காத அரிசி மணலாகிவிட்டது என்பது ஐதீகம், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. டிசம்பரில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நெருக்கும். விவேகானந்தர் பாறைக்குப் போட்டில் போக நினைத்தால் காலையிலேயே வரிசையில் நின்றுவிடுங்கள். 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் அங்கிருந்துதான் வள்ளுவர் சிலைக்குப் போகிறது.

பல்லாவரம்காரன்:
இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "உனக்குக் காசு கொடுக்க மனசில்லை, அதற்கு இவ்வளவு ஆராய்ச்சி" என்றார். சரி, ஓலைப் பெட்டி டிக்கியில் நசுங்காதா?

உடன்குடி மருமகள்:
வெறும் பெட்டியாக வைத்தால் நசுங்கும். உள்ளே கருப்பட்டியை அடுக்கி, சந்தில் பழைய துணியைத் திணித்துவிடுங்கள். மக்ரூனை மட்டும் டிக்கியில் வைக்காதீர்கள், சூட்டில் பிசுபிசுத்துவிடும். ஆனால் பின்சீட்டில் வைத்தால் திருநெல்வேலி தாண்டாது.