கேமரா ஆன் ஆனதும் பேச்சு செய்தி வாசிப்பு ஆயிடுது, எப்படி மாத்துறது?

மண்டபம்_கருவாடு:

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துல, வடகடல் (பாக் விரிகுடா) கரையிலிருந்து கருவாடு, மீன் சமையல் வீடியோ போடுறேன். மீனைத் தரம் பார்க்கிறது, கீறுறது, உப்பு வைக்கிறது எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கரையில ஆளுங்ககிட்ட பேசுறப்ப வர்ற பேச்சு, போன்ல சிவப்புப் புள்ளி வந்ததும் எங்கயோ போயிடுது. "இன்று நாம் காண இருப்பது"ன்னு வாய் தானா ஆரம்பிக்குது. கமெண்ட்லயும் "செய்தி வாசிக்கிறாப்புல இருக்கு"ன்னுதான் எழுதுறாங்க. யூடியூப் ஸ்டூடியோவுல பார்த்தா 30 வினாடிக்குள்ள பாதிக்கு மேல ஆளுங்க போயிடறாங்க.

இப்ப எடுக்கிற முறை: முழுசா எழுதி மனப்பாடம் பண்ணிக்குவேன். பிளாஸ்டிக் நாற்காலி மேல போனை நிறுத்தி, முன்கேமராவுல, காலை 10 மணிக்கு மேல, கடலைப் பின்னாடி வச்சு நின்னு பேசுவேன். மைக் கிடையாது.

சிலர் "எனர்ஜியாக் கத்திப் பேசுங்க"ங்கிறாங்க. சிலர் "நீங்க நீங்களா இருங்க"ங்கிறாங்க. நானா இருக்கிறதுக்கு என்ன செய்யணும்னு யாரும் சொல்லல. எங்க ஊர்ப் பேச்சை விட்டுட்டு மெட்ராஸ் பேச்சுக்கு மாறணுமா?

---

வடகடல்_லென்ஸ்:

தங்கச்சி, நீங்க எழுதினதுல பாதி பேச்சுக் கோளாறே இல்ல. நிக்கிற இடமும் நேரமும் போன் இருக்கிற உயரமும் சேர்ந்து முகத்தை இறுக்குது. முகம் இறுகினா குரலும் இறுகும்.

மண்டபம் வடகரையில கடலைப் பின்னாடி வச்சு நின்னா உங்க முகம் தெக்கே பார்த்து இருக்கும். ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் பத்து மணிக்கு மேல வெயில் தெக்கே சாய்ஞ்சுதான் அடிக்கும், நேரா கண்ணுல. கண்ணு சுருங்கும், புருவம் நெரியும். பார்க்கிறவங்களுக்கு அது வெயில்னு தெரியாது, இவங்க ஏதோ கோவத்துல இருக்காங்கன்னுதான் படும். காலையில 6.30-லிருந்து 8-க்குள்ள எடுத்துப் பாருங்க. வெயில் கிழக்கிலிருந்து இடது கன்னத்துல விழும், கண்ணு கூசாது. அந்த நேரம் வேலை இருந்தா, பனையோலைக் கொட்டகை விளிம்புக்கு ரெண்டடி உள்ள நின்னு வெளியே பார்த்துப் பேசுங்க. அதைவிட நல்ல வெளிச்சத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் எடுத்தா கதை தலைகீழ். கடல் பின்னாடின்னா அந்த மாசங்கள்ல வெயிலும் பின்னாடி, முகம் கருத்துப்போகும். ஐஸ் பெட்டியோட வெள்ளைத் தெர்மாகோல் மூடியை இடுப்பு உயரத்துல, படத்துல விழாத மாதிரி சாய்ச்சு வைங்க. தாடைக்கும் கண்ணுக்கும் வெளிச்சம் ஏறும். எந்தக் கரையா இருந்தாலும் போன் திரையில முகத்து மேல விரலை அழுத்திப் பிடிச்சு வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிருங்க. இல்லன்னா தண்ணி மின்னுறப்பெல்லாம் முகம் கருத்துக் கருத்து வெளுக்கும்.

நாற்காலி உயரம் வேண்டாம். லென்ஸ் உங்க கண்ணு உயரத்துல, நாலடி தள்ளி இருக்கணும். உக்காந்து மீன் கீறுறப்ப போனும் கூடவே இறங்கணும். ரொம்பக் கிட்ட வச்சா மூக்கு பெருசாத் தெரியும். முன்கேமராவை விட்டுருங்க. அதுல கண்ணு லென்ஸுக்குப் போகாது, திரையில தெரியிற சொந்த முகத்துக்குத்தான் போகும். முடி கலைஞ்சிருக்கா, முந்தானை சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டே பேசுறவங்க யார்கிட்டயும் பேச முடியாது. பின்கேமராவுல படமும் தெளிவு, சொந்த முகமும் கண்ணுல படாது.

இன்னொண்ணு, கரையில வச்ச போன் லென்ஸ்ல அரைமணி நேரத்துலயே உப்புப் பூச்சு படியும். முகம் புகை மூட்டமாத் தெரியும். காய்ஞ்ச துணியால தேய்ச்சா உப்புத் துகள் கீறிரும். நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால ஒத்தி எடுத்துட்டு, அப்புறம் காய்ஞ்ச துணி.

கத்துற விஷயம் மைக்கோட சேர்ந்தது. மைக் இல்லாம நாலடி தள்ளி, காத்துல நின்னு பேசினா நம்மளை அறியாமலே குரலை ஏத்துவோம். ஏத்தின குரல்ல அறிவிப்பு மட்டும்தான் வரும், வாஞ்சை வராது. மைக்கைப் பத்தி ஒலி தெரிஞ்சவங்க யாராவது எழுதுங்க.

---

சொல்லும்_கையும்:

மனப்பாடம்தான் செய்தி வாசிப்பின் வேர். எழுதும்போது நம்மை அறியாமல் எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறோம். பிறகு அந்த வரிகளை ஞாபகத்திலிருந்து இழுக்கும்போது எல்லா வாக்கியமும் ஒரே தாளத்தில் விழுகிறது. அடுத்த வரியைத் தேடுகிற கண் எதையும் பார்ப்பதில்லை. பார்வையாளருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அதற்காக ஒன்றுமே எழுதாமல் போனால் சுற்றிச் சுற்றிப் பேசுவீர்கள். போஸ்ட்கார்டு அளவு அட்டையில் ஐந்து சொல் எழுதுங்கள். பாறை மீன் கருவாடு என்றால்: செதில், கீறல், உப்பு, காயவைத்தல், வாசம். முழு வாக்கியமாகக் கைவசம் இருக்க வேண்டியவை முதல் வரியும் அளவுகளும் மட்டுமே. கிலோ மீனுக்குக் கால் கிலோ உப்பு என்றால் அது டேக்குக்கு டேக் மாறக்கூடாது. மற்றதெல்லாம் மாறலாம், மாறவேண்டும்.

அடுத்தது கை. நீங்கள் நின்று பேசிவிட்டுப் பிறகு வேலையைக் காட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை ஒன்றாக்குங்கள். கத்தி மீனின் முதுகில் இறங்கும்போதே பேச்சும் நடக்கட்டும். பழகிய வேலை கையில் இருக்கும்போது குரல் தன் சொந்த வேகத்துக்கு வந்துவிடும். முள் தட்டும் இடத்தில் தானாக நிற்கும், கீறி முடித்ததும் தானாக நிமிர்ந்து பார்க்கும். அந்த நிறுத்தங்களை யாரும் நடித்துக் காட்ட முடியாது. வேலையின்போது கண் மீனில் இருக்கட்டும். முக்கியமானதைச் சொல்லும் இடத்தில் மட்டும் லென்ஸைப் பாருங்கள்.

போனுக்குப் பின்னால் ஒரு ஆளை உட்கார வையுங்கள். அவர் கண் லென்ஸுக்கு ஒட்டினாற்போல மேலே இருக்க வேண்டும்; ஓரடி தள்ளி இருந்தாலும் பார்வை விலகித் தெரியும். கருவாடு போடத் தெரியாத ஆளாகப் பார்த்து உட்கார வையுங்கள். தெரிந்தவரிடம் விளக்கினால் அது ஒப்பிப்பு ஆகிவிடும். தெரியாதவர் முகத்தில் "ஏன்?" என்று ஒரு சுருக்கம் வந்ததும் நீங்களே இறங்கி வந்து விளக்குவீர்கள்.

சிவப்புப் புள்ளிக்கு ஒரு வழி: பேச ஆரம்பிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே பதிவைப் போட்டுவிட்டு மீனைக் கழுவுங்கள், இன்றைய விலையைப் பின்னால் இருப்பவரிடம் பேசுங்கள். 1080பி, 30 பிரேமில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 150 எம்பி வரும். ஐந்து நிமிடம் ஒரு ஜிபிகூட ஆகாது. "ஸ்டார்ட்" சொல்லாமலே வீடியோ தொடங்கட்டும். பல நேரம் அந்தக் கழிவுப் பகுதியில்தான் உங்கள் நிஜமான முதல் வரி கிடக்கும்.

முதல் வரி எப்படி இருக்கலாம்? "வணக்கம், இன்று நாம் காண இருப்பது பாறைக் கருவாடு செய்முறை" என்பதற்குப் பதிலாக, மீனைத் தூக்கிப் பிடித்து: "இந்தா பாருங்க, வயிறு மெத்துன்னு ஆயிருச்சு. இதைக் கருவாடு போட்டா ரெண்டே நாள்ல நாறிப்போகும். ஏன்னு சொல்றேன்." வணக்கத்தை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

எனர்ஜி என்று கேட்பவர்கள் சத்தத்தைக் கேட்கவில்லை. கேமரா பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் தட்டையாக்கிக் காட்டும். அதனால் ஏற்றத்தையும் இறக்கத்தையும் வழக்கத்தைவிட ஒரு சுற்று அகலமாக்குங்கள். சத்த அளவு அப்படியே இருக்கட்டும். எச்சரிக்கை சொல்லும்போது குரலை உயர்த்துவதைவிடத் தணித்து மெதுவாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

---

கீழக்கரை_தெற்குத்தெரு:

மெட்ராஸ் பேச்சு வேண்டவே வேண்டாம் தங்கச்சி. இங்கிட்டு, அங்கிட்டு, அம்புட்டு, இம்புட்டு எல்லாம் எந்த ஊர்க்காரருக்கும் இடம் பார்த்து விளங்கும். வெளியூர்க்காரரைத் தடுக்கிறது பெயர்ச்சொல் மட்டும்தான். எங்க ஊர்ல அண்ணனைக் காக்காம்போம். கேட்கிறவர் பறவைன்னு நினைச்சுட்டா அடுத்த ரெண்டு வரி அவருக்குப் போச்சு. அந்த மாதிரிச் சொல்லை விட வேண்டியதில்ல. வீடியோவுல முதல்தடவை வர்றப்ப அரைவரி சேர்த்துச் சொல்லிட்டா முடிஞ்சுது. நெய்மீன்னா "சென்னையில வஞ்சிரம்பாங்களே, அதுதான்"னு சொல்லி மீனைக் காட்டுங்க. அப்புறம் கடைசி வரைக்கும் நெய்மீன்னே சொல்லுங்க. மாத்தி மாத்திச் சொல்லக்கூடாது.

உங்க வாயில அன்றாடம் வராத சொல்லை வணக்கத்துலயும் போடாதீங்க. கருவாடு வாங்க வர்றவங்களை எப்படிக் கூப்பிடுவீங்களோ அதையே கூப்பிடுங்க. "வாங்கம்மா, பாருங்க"ன்னா அதுதான் உங்க அடையாளம்.

வேகம் மட்டும் கவனம். ஏலத்துல பேசிப் பழகின வாய் எண்களை விழுங்கிரும். எடை, விலை, உப்பு அளவு மூணையும் ரெண்டு தடவை சொல்லுங்க, திரையிலயும் எழுதுங்க. பேச்சைக் கிண்டல் பண்றவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. ஸ்டூடியோ அமைப்புல தடை செய்யிற சொற்களுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல அந்தச் சொற்களைப் போட்டா அந்தக் கமெண்ட் வெளியே வராது.

---

மண்டபம்_கருவாடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. "நீங்களா இருங்க"ங்கிறதுக்கு இப்பதான் கைகால் முளைச்சிருக்கு. இன்னும் மூணு சந்தேகம். மைக்குக்கு இப்பக் காசு இல்ல, இருந்தாலும் சேலை உரசல் கேக்குமேன்னு யோசனை. மதினியைப் பின்னாடி உக்கார வைக்கலாம், ஆனா அவங்க வாய் ஓயாது, அவங்க குரலும் பதிவாகும். மூணாவது, ஒருத்தர் கடல் அட்டையை (கடலடியில ஊர்ற மெத்துன்னு இருக்கிற உயிரி) கையில தூக்கிக் காட்டிப் பேசினா ஆளுங்க நிப்பாங்கங்கிறார். செய்யலாமா?

---

ஒலி_மட்டம்:

வீட்டில் பழைய போன் இருந்தால் அதுவே மைக். ஒலிப்பதிவு செயலியைப் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சுப் பக்கம் வையுங்கள். இரண்டு போனும் ஓடும்போது கேமரா முன் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டல் சத்தத்தைப் பொருத்தினால் ஒலியும் படமும் சேர்ந்துவிடும். நீளமான பதிவில் சிறிது நழுவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி தட்டுங்கள்.

வாங்கும்போது ஒயர் உள்ள காலர் மைக் முதலில் போதும். ஒயர்லெஸ் மைக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. உடம்பு அந்த அலையை மறைக்கும். கிளிப்பை முன்னால் குத்திக்கொண்டு கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தால் ஒலி அறுந்து அறுந்து வரும்.

உரசலுக்குக் காரணம் பெரும்பாலும் நைலான், பாலியஸ்டர். பருத்திச் சேலை கட்டுங்கள். மைக்கைப் புடவை மடிப்புக்குள் விடாமல், ரவிக்கை விளிம்பில் துணி டேப்பால் ஒட்டி, ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி அதையும் ஒட்டுங்கள். அந்தச் சுற்று இழுவையைத் தாங்கும்.

மைக்கோடு வரும் பஞ்சு உறை மூச்சுக்காற்றுக்குத்தான் உதவும், கடல் காற்றுக்குப் போதாது. ரோமத் துணி உறை வேண்டும். பொம்மைக்குப் போடும் நீள ரோமத் துணியில் சின்னப் பையாகத் தைத்தாலும் வேலை செய்யும். காற்றுக்கு மறைவாகக் கரையேற்றிய வத்தையின் (நாட்டுப் படகு) ஓரத்தில் உட்காருங்கள். மிச்ச இரைச்சலை எடிட்டிங்கில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லுக்குள் இருக்கட்டும். அளவு காட்டும் கோடு ஆரம்பத்திலேயே சிவப்பைத் தொட்டுவிட்டால் சிரிக்கும் இடத்தில் ஒலி உடையும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் பக்கம் அலை இரையும், வடகடல் அடங்கியிருக்கும். வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்தில் இது மாறும். படம் எடுக்கும் கரையை அதற்கேற்ப மாற்றுங்கள்.

---

தீவோரம்:

கடல் அட்டையைத் தொடவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், கடல் குதிரையும் அப்படியே. பிடித்துக் காட்டும் வீடியோ உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா; வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கி எடுக்கக்கூடாது. வலையில் வந்த நாலு சாதாரண மீனை வரிசையாக வைத்து, எதைக் கருவாட்டுக்கு எடுப்பேன், எதைக் குழம்புக்கு விடுவேன் என்று நீங்கள் தரம் பிரித்தாலே ஆட்கள் நிற்பார்கள். அது உங்களுக்குத்தான் தெரியும்.

---

வடகடல்_லென்ஸ்:

மதினி பேசட்டும், தடுக்காதீங்க. அவங்க கேள்வி கேட்டா நீங்க பதிலுக்குள்ளயே கேள்வியைச் சேர்த்துச் சொல்லணும், அம்புட்டுதான். "எதுக்கு ரெண்டு தடவை கழுவுறே?"ன்னு கேட்டா, "ரெண்டு தடவை கழுவுறது ரத்தம் போகத்தான்"னு ஆரம்பிங்க. அப்ப அவங்க குரலை வெட்டினாலும் பதில் தனியா நிக்கும். அவங்க சொல்ற நல்ல வார்த்தையை அப்படியே விட்டுருங்க, அதுவும் வீட்டுக் குரல்தானே. அவங்க பேசுறப்ப மேல நீங்க பேசாம இருந்தாப் போதும், ரெண்டு குரலும் மேல மேல விழுந்தா வெட்ட முடியாது.

எடிட்டிங்ல எல்லா மூச்சையும் வெட்டித் தள்ளிராதீங்க. இடைவெளியே இல்லாத பேச்சு ஆளை இயந்திரமாக் காட்டும். ஒரே விஷயத்தை ரெண்டாவது தடவை சொல்றது, பொருள் தேடி எழுந்து போறது, "அப்புறம் வந்து"ன்னு இழுக்கிறது, இதெல்லாம் போகட்டும். முக்கியமான வரிக்கு முன்னாடி வர்ற அரை வினாடி மௌனமும், மீன் வழுக்குறப்ப வர்ற சிரிப்பும் இருக்கட்டும்.

வெளியிடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாருங்க. முதல்ல ஒலியை அணைச்சுட்டுப் பார்த்தா முகம் எங்க இறுகுது, கண்ணு எங்க விலகுதுன்னு தெரியும். அப்புறம் போனைக் கவுத்து வச்சுட்டுக் கேட்டா எந்த இடத்துல எழுத்துத் தமிழ் நுழையுதுன்னு பிடிபடும். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கிட்டு அடுத்ததுல திருத்துங்க. நாலைஞ்சைச் சேர்த்துத் திருத்தப் போனா மறுபடி உங்களையே கவனிக்க ஆரம்பிச்சுருவீங்க, பழைய இறுக்கம் வந்துரும்.

ஆளுங்க எவ்வளவு நேரம் பார்க்கிறாங்கன்னு ஸ்டூடியோவுல காட்டுற கோட்டுல 30-ஆவது வினாடியோட நிக்காம, நடுவுல எங்கயாவது மேடு இருக்கான்னும் பாருங்க. அங்க ஆளுங்க திரும்ப ஓட்டிப் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம். அந்த இடத்துல உங்க கை என்ன செஞ்சுது, வாய் என்ன சொல்லுச்சுன்னு எழுதி வைங்க. அடுத்த வீடியோவை அதே மாதிரி இடத்திலிருந்து தொடங்குங்க. முதல் எடுப்பா நாளைக்குக் காலையில 7 மணிக்கு, கொட்டகை ஓரத்துல, ஒரே ஒரு பாறை மீனோட, மூணு நிமிஷம் போதும். எடுத்ததும் இங்க போடுங்க, பார்த்துச் சொல்றோம்.