சிவப்பு விளக்கில் முகம் மட்டும் கரைந்துபோகிறது: மேடைப் படம் எடுப்பவர்கள் உதவ முடியுமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஆறு வருடமாகப் பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறேன். பாதிக்கு மேல் பறவைகள்தான். பயணம் போனால் விடியற்காலைத் தெருக்களும் நீர்நிலைகளும். ஒரு வருடமாக நடனம், இசை நிகழ்ச்சிகள் பக்கம் மனசு போயிருக்கிறது. சிக்கலும் அங்கேதான்.

போன வாரம் ஒரு நடன நிகழ்ச்சி. மூன்றாவது வரிசையில் ஓர இருக்கை. ஏபிஎஸ்-சி சென்சார், 24 மெகாபிக்சல் கேமரா, 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ், ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200. முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. கடைசிப் பகுதியில் மேடை முழுக்கச் சிவப்பு எல்இடி வெளிச்சம். ஆடிய பெண் இரண்டு கைகளையும் மெல்ல இறக்கி, தலையை நிமிர்த்தி, மூடியிருந்த கண்களைத் திறந்தார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால், மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. முகம் முழுக்க ஒரே சிவப்பு, சாயம் பூசின மாதிரி. ஃபோகஸ் தப்பவில்லை, இமை முடிகளை எண்ணிவிடலாம். கேமரா காட்டிய ஹிஸ்டோகிராமும், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமும், வலது ஓரத்தைத் தொடவில்லை; வெளிச்சம் மிஞ்சவில்லை என்றுதான் நினைத்தேன். சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புதான். ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் இழுத்தாலும் முகம் திரும்பி வரவில்லை.

இன்னொன்று. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று சைலன்ட் ஷட்டர் வைத்திருந்தேன். சில படங்களில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்திருக்கின்றன. வெட்டவெளியில் பறவை எடுக்கும்போது இதே அமைப்பில் ஒரு நாளும் வந்ததில்லை. கேமராவில் கோளாறா?

பதில் 1

கேமராவில் ஒன்றுமில்லை. நீங்கள் பார்த்த ஹிஸ்டோகிராம்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

பல கேமராக்களில் வெள்ளையாகத் தெரியும் அந்த ஒற்றை வரைபடம் மொத்த வெளிச்சத்தின் கணக்கு. அதில் பச்சைக்குத்தான் பெரிய பங்கு, சிவப்புக்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்தாலும் வரைபடம் இடது பக்கமே நிற்கும். நீங்களும் ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று நினைத்துவிடுவீர்கள். மெனுவில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஹிஸ்டோகிராம் இருக்கும், அதை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரைபடமும் தனித்தனியாகத் தெரியும்.

சென்சாரிலும் இதே கதைதான். வழக்கமான பேயர் அமைப்பில் நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பு எல்இடியின் வெளிச்சம் நிறமாலையில் ஒரு சின்னத் துண்டுக்குள் அடங்கிவிடும். அதனால் உங்களுடைய 24 மெகாபிக்சலில் கிட்டத்தட்ட 6 மெகாபிக்சல்தான் அந்த நேரத்தில் உருப்படியாக வேலை செய்கிறது. பச்சையும் நீலமும் ஏறக்குறைய காலி. ஒயிட் பேலன்ஸ் என்பது இருக்கிற நிறங்களைக் கூட்டிக் குறைப்பது. இல்லாத நிறத்தை அதனால் கொண்டுவர முடியாது.

அடுத்த முறை சிவப்பு விளக்கு வந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக), தேவைப்பட்டால் ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள். திரையில் படம் இருட்டாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். சிவப்பு வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் முகத்தின் மேடு பள்ளம் பத்திரமாக இருக்கும்.

எடுத்த படத்தையும் அழித்துவிடாதீர்கள். கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, ஒவ்வொரு நிறத்தின் பங்கையும் தனியாக மாற்றும் சேனல் மிக்சரில் சிவப்பை 0-க்கு இறக்கிப் பச்சையை ஏற்றிப் பாருங்கள். பச்சைப் பிக்சலுக்குள் கொஞ்சம் வெளிச்சம் எப்படியும் கசிந்திருக்கும். அது நிரம்பி வழிந்திருக்காது. நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல், நிறைய வரும். ஆனால் முகம் அதில்தான் ஒளிந்திருக்கும்.

பதில் 2

பட்டைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்இடி விளக்கு தொடர்ந்து எரிவதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், பல மேடை விளக்குகள் மங்கலாக எரிய வேண்டும் என்றால் மிக வேகமாக அணைந்து அணைந்துதான் எரியும். உங்கள் கேமராவின் சைலன்ட் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. விளக்கு அணைந்த நேரத்தில் மாட்டிய வரிசைகள் இருண்டுவிடும், அதுதான் பட்டை. வெயில் அணைந்து எரிவதில்லை, அதனால்தான் பறவைப் படங்களில் வரவில்லை.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சத்தம் உறுத்தலாக இருந்தால் இசை உச்சத்துக்குப் போகும்போது அமுக்குங்கள். சைலன்ட்தான் வேண்டுமென்றால் ஷட்டரை 1/100 பக்கம் இறக்கிப் பட்டை மறைகிறதா என்று பாருங்கள். 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III-இல் குளோபல் ஷட்டர், எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் பதிவாகும், பட்டையே வராது. ஆனால் இதற்காக யாரும் கேமராவை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆனால் 1/100-இல் ஆடுகிறவரின் கைகள் கலங்கிவிடாதா? 1/250-க்குக் கீழே இறங்கவே எனக்குக் கை வரவில்லை.

பதில் 3

பறவை எடுக்கிறவர் நீங்கள், பதில் உங்களிடமே இருக்கிறது. மீன்கொத்தியை எப்படி எடுப்பீர்கள்? பாய்கிற இடத்தையெல்லாம் துரத்த மாட்டீர்கள். மீனைக் கவ்விக்கொண்டு எந்தக் கிளைக்குத் திரும்பும் என்று பார்த்து, அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பீர்கள். மேடையிலும் அப்படிக் கிளைகள் உண்டு. மேலே குதித்தவர் உச்சியில் ஒரு நொடித் துணுக்கு நிற்கிறார். அதற்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் தொடங்கவில்லை. டிரம்ஸ் வாசிப்பவரின் குச்சி மேலே போய்த் திரும்பும் இடத்தில் நிற்கிறது. பாடகர் மூச்சு வாங்க மைக்கை விட்டு நகர்கிறார், வாயை மறைக்கும் மைக் இல்லாத முகம் அப்போதுதான் கிடைக்கும். இந்த இடங்களில் 1/100 தாராளம்.

நீங்கள் சொன்ன காட்சியே பாருங்கள். கையை மெல்ல இறக்கி, கண்ணைத் திறந்தார் என்கிறீர்கள். அதற்கு 1/250 எதற்கு? 1/100 வைத்திருந்தால் ஐஎஸ்ஓவை 1250-க்கு இறக்கியிருக்கலாம்.

முடிந்தால் அனுமதி கேட்டு ஒத்திகைக்குப் போங்கள். நான் இப்போதெல்லாம் ஒத்திகையில் கேமராவைக் கையில் எடுப்பதே இல்லை. ஒரு சின்ன நோட்டில் விளக்கு எப்போது மாறுகிறது என்று மட்டும் எழுதிக்கொள்வேன். சிவப்பு விளக்குக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவில் இரண்டும் கலந்து எரிகிற சில நொடிகள் வரும். தோலின் நிறம் ஓரளவு இயல்பாக வருவது அந்த நொடிகளில்தான். அது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் கேமராவைத் தயாராக வைத்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

பச்சை சேனலை ஏற்றிப் பார்த்தேன். முகம் இருக்கிறது! மூக்கின் நிழல், உதட்டு ஓரம், நெற்றியில் வியர்வையில் ஒட்டிய ஒரு முடி வரை தெரிகிறது. மணல் தூவின மாதிரி நாய்ஸ், இருக்கட்டும். இடது கன்னத்தில் ஒரு துளி இருக்கிறது, வியர்வையா கண்ணீரா தெரியவில்லை. அன்றைக்கு வ்யூஃபைண்டரில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

படத்தை அவருக்கே அனுப்பி வைத்தேன், அடுத்த நிகழ்ச்சியின் ஒத்திகைக்கு வரலாமா என்றும் கேட்டிருக்கிறேன். நோட்டு வாங்கி வைத்துவிட்டேன்.