மறு: ‘ஷ்ரிங்க்’ என்பதற்குத் தமிழ்: ‘வாட்டம்’ என்று வைக்கலாமா?

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இறைச்சி மாட்டு வளர்ப்புக்கான நம் ஆங்கில-தமிழ்ச் சொற்பட்டியலில் ‘ஷ்ரிங்க்’ (shrink, இடம் மாற்றும்போது மாட்டின் எடை குறைவது) என்ற வரிசை மட்டும் மூன்று வாரமாகக் காலியாகவே கிடக்கிறது. நான் கான்சாஸில் மாட்டுத் தீவன ஆய்வில் வேலை பார்க்கிறவன். இந்தச் சொல்லை நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் வாங்குகிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்த முன்மொழிவுகள்:

> ‘சுருக்கம்’ போதும். நேர்ப்பொருள், குழப்பமில்லை.

> ‘எடையிழப்பு’ என்றால் பாமரருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

> நகைக்கடைச் ‘சேதாரம்’ பொருந்தும் என்று தோன்றுகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டு கழிப்பதுதானே?

முதலில் பொருள் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாட்டை மேய்ச்சல் தரையிலிருந்து ஓட்டிவந்து, பட்டியில் அடைத்து, பிரித்து, லாரியில் ஏற்றி, இறக்குவதற்குள் அதன் உயிர் எடை குறைகிறது. அந்தக் குறைவுக்குத்தான் இந்தப் பெயர். இதில் இரண்டு படி உண்டு. முதலில் போவது வயிற்றில் இருந்த சரக்கு, அதாவது சாணமும் மூத்திரமும். அசைபோடும் மாட்டின் முதல் வயிற்றில் கிடப்பதே அதன் உயிர் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை வரும் என்பதால் இது சின்னக் கணக்கல்ல. நேரம் நீள நீள, உடம்பின் திசுக்களில் உள்ள நீரும் சத்தும் கரையத் தொடங்கும். முதல் வகைக் குறைவு தண்ணீரும் தீனியும் கிடைத்தால் ஓரிரு நாளில் சரியாகும். இரண்டாவது வகை தேறப் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும்.

இங்கே பல வேளாண் விரிவாக்கக் கையேடுகளில் திரும்பத் திரும்ப அச்சாகும் கணக்கு ஒன்று இருக்கிறது. தீனி, தண்ணீர் இல்லாமல் பட்டியில் 8 மணி நேரம் நின்றால் 3.3 சதவீதம் குறையும். அதே 8 மணி நேரம் ஓடும் லாரியில் என்றால் 5.5 சதவீதம். 24 மணி நேரத்துக்கு முறையே 6.6, 8.9. இதை உற்றுப் பாருங்கள். பசி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், தாகமும் ஒன்றுதான். மிச்ச வித்தியாசம் ஆட்டத்தில், இரைச்சலில், பயத்தில் வருகிறது. 360 கிலோ எடையுள்ள காளைக்கன்று 8 மணி நேரப் பயணத்தில் கிட்டத்தட்ட 20 கிலோ குறைகிறது. நூறு கன்று ஏற்றினால் 2 டன். இங்கே மாடு எடைக்கு விற்கிறது, அதனால் 2 டன் யார் தலையில் விழுகிறது என்பது பெரிய பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஒரு தனிச்சொல் இல்லாமல் தமிழில் ஒரு பாடம் எழுத முடியாது.

‘சுருக்கம்’ எனக்கு ஒட்டவில்லை. ‘மாட்டின் சுருக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ தோல் நோய் போலத் தொனிக்கிறது. சட்டத் தொகுப்பிலும் கட்டுரைத் தலைப்பிலும் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. மாடு எந்தப் பக்கமும் சுருங்குவதில்லை, அதன் இடப்பக்க இடுப்புக்கு முன்னால் உள்ள குழி ஆழமாகிறது, அவ்வளவுதான்.

‘எடையிழப்பு’ மிக அகலம். இதை விட்டுக்கொடுக்க முடியாததற்குக் காரணம் மேய்ச்சலிலேயே இருக்கிறது. இந்தப் புல்வெளிகளில் குளிர்காலத்தில் புல் காய்ந்து நிற்கும். காய்ந்த புல்லில் கச்சாப் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் முதல் வயிற்று நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போதாது, நார் செரிக்காது, மாடு தின்னும் அளவே குறைந்துவிடும். கண்ணெதிரே புல் இருந்தும் மாடு மாதக்கணக்கில் எடை இழக்கும். அதற்காகத்தான் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு போன்ற புரதத் தீவனம் கொடுக்கிறார்கள். முதுகும் விலாவும் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டு அந்த இளைப்பை அளக்கிறார்கள். அதை ‘மெலிவு’ என்போம், பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. நாலு மாத மெலிவையும் நாலு மணி நேர லாரிக் குறைவையும் ஒரே சொல்லில் அடைத்தால், படிக்கிற மாணவர் மருந்தை மாற்றிப் போடுவார். ஒன்றுக்கு மருந்து பிண்ணாக்கு, மற்றதற்கு மருந்து தண்ணீர்த் தொட்டியும் அமைதியும்.

‘சேதாரம்’ சொன்ன அம்மாவுக்கு நன்றி. அதைப் படித்ததும் சட்டென்று மனம் அதன் பக்கம் சாய்ந்தது. பேரம் பேசி ஒத்துக்கொள்கிற கழிவு என்பதில் பொருத்தம் இருக்கிறது. ஆனால் தட்டான் பட்டறையில் போன பொன்துகள் நம்மிடம் திரும்பி வராது. மாட்டின் எடை திரும்பி வரும். இந்தச் சொல்லின் உயிரே அந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது.

இனி என் கட்சி.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். எனக்குப் பதினோரு வயதில் அப்பா ஒரு சோடிக் காளையை நடத்தியே கூட்டிப்போனார். இரவு கிளம்பி, விடிந்து வெயில் ஏறும்போது போய்ச் சேர்ந்தோம். சந்தையில் எடைமேடை கிடையாது. தரகர் துண்டைப் போட்டுக் கையை உள்ளே விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். வாங்க வந்தவர் ஒருவர் காளையைச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், கடைசியில் இடப்பக்கம் நின்று அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கை உள்ளே போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா அவசரப்படவே இல்லை. “நடந்து வந்த வாட்டந்தானுங்க. ரெண்டு நாள் கட்டுத்தறியில நின்னா தேறிக்கும்” என்றார். அவர் தலையாட்டினார். துண்டுக்குள் திரும்பக் கை போனது.

அப்பா சொன்ன அந்த இரண்டு வாக்கியத்தில் நாம் தேடும் வரையறை முழுக்க இருக்கிறது. எதனால் வந்தது: நடந்து வந்ததால். என்ன ஆனது: வாட்டம். எவ்வளவு நாள்: இரண்டு நாள். எப்படிச் சரியாகும்: நின்று தின்றால் தேறும். விலையைக் குறைக்க வேண்டிய குறையா: இல்லை. எடைமேடை இல்லாத சந்தையில் சதவீதம் தெரியாது, ஆனால் பொருள் தெரிந்திருக்கிறது, அதற்குச் சொல்லும் இருந்திருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: வாட்டம். வினை, வாடு.

எதிர்ப்புகள் வரும், எனக்கே தோன்றியவற்றைச் சொல்கிறேன். கட்டட வேலையில் ‘தண்ணி வாட்டம்’ என்றால் சரிவு. ‘வாட்டமா இருக்கு’ என்றால் வசதி. இடம் பார்த்துப் பொருள் கொள்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, மாட்டுப் பாடத்தில் யாரும் தரைச்சரிவை நினைக்கப் போவதில்லை. பயிரியலில் ‘வாடல்’ இருக்கிறதே என்றால், அது இருக்கட்டும்: வாடல் செடிக்கு, வாட்டம் மாட்டுக்கு. உண்மையில் அந்த உறவு நமக்கு உதவி. உச்சி வெயிலில் தலை தொங்கிய கத்தரிச்செடி சாயங்காலம் தண்ணீர் கண்டதும் நிமிர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேர் காய்ந்துவிட்டால் நிமிராது. வயிற்றுக் குறைவுக்கும் திசுக் குறைவுக்கும் இதைவிட நல்ல உவமை கிடைக்காது.

இன்னொரு காரணம்தான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. முகவாட்டம் என்கிறோம். மனசு படும் பாடு உடம்பில் தெரிவதற்கு அந்தச் சொல். லாரிக்கும் பட்டிக்கும் இடையே உள்ள அந்த 2 சதவீதச் சொச்சமும் அதுதான்.

இங்கே ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற புல்மேடு இருக்கிறது. மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் மேலாகவே கிடப்பதால் யாரும் உழவில்லை. ஆளுயரப் புல் தப்பித்தது. வசந்தத்தில் தீ வைத்துப் பழம்புல்லை எரிப்பார்கள், தளிர் கிளம்பியதும் இளங்காளைகளை இறக்குவார்கள். ஒரு முறைப்படி வழக்கத்தைவிட இரண்டு பங்கு மாடுகளை விட்டு, ஜூலை நடுவில் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுவார்கள். அதற்கு மேல் புல் முற்றிப் புரதம் இறங்கிவிடும், மிச்சப் பருவம் புல் வேருக்குச் சேர்த்துவைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆக ஜூலையில் லாரிகள் வரிசைகட்டும். அங்கிருந்து மேற்குக் கான்சாஸில் மாட்டைக் கொழுக்க வைக்கும் தீவனக் கொட்டில்களுக்கு நாலைந்து மணி நேரம்.

ஒரு ஜூலை அதிகாலையில் ஏற்றும் பட்டியில் நின்றிருந்தேன். பண்ணையாரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். குதிரையில் வந்த பையன்களிடம் கத்தக்கூடாது, சாட்டை சொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நாலுசக்கர வண்டியின் எஞ்சினைக்கூட அணைக்கச் சொன்னார். ஒரு பையன் காளைகளை ஒட்டிப் போனான். அவை சட்டென்று திரும்பி ஓடின, ஓடும்போதே பச்சையாகக் கழிந்தன. அந்த அம்மா தரையைக் காட்டி, “அங்கே போகுது பார் என் காசு” என்றார். பையன் பின்வாங்கினான். மாட்டின் ஓட்ட எல்லைக்கு விளிம்பில் நின்றால் அது நடக்கும், உள்ளே புகுந்தால் ஓடும் என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருவது அங்கே சாணத்தில் எழுதிக் கிடந்தது. ‘எடையிழப்பு’ என்ற சொல்லில் இந்தப் பயம் இல்லை. ‘வாட்ட’த்தில் இருக்கிறது.

இதோடு சேர்த்து ‘ஸ்ட்ரெஸ்’ பற்றியும் ஒரு வரி. பட்டியலில் யாரோ ‘மன அழுத்தம்’ என்று போட்டிருக்கிறீர்கள். கால்நடைத் துறையில் ‘வெப்ப அயர்ச்சி’ ஏற்கெனவே பரவிவிட்டது. அதே வழியில் பயண அயர்ச்சி, பால்மறப்பு அயர்ச்சி என்று போவோம். அயர்ச்சி காரணம், வாட்டம் விளைவு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

கூட்டுச்சொற்களைப் போட்டுப் பார்த்தேன், சொல் தாங்குகிறது. சாணமும் மூத்திரமுமாகப் போவது ‘வயிற்று வாட்டம்’. திசுவிலிருந்து போவது ‘திசு வாட்டம்’. ‘மெய்வாட்டம்’ என்று முதலில் எழுதினேன், அழகாக இருக்கிறது, ஆனால் பாடப்புத்தகத்தில் திசு என்றுதான் இருக்கும், அதனால் விட்டுவிட்டேன். நின்ற இடத்தில் வருவது ‘பட்டி வாட்டம்’, பயணத்தில் வருவது ‘வழிவாட்டம்’. எடை போடாமலே 2, 3 சதவீதம் என்று பேசிக் கழிப்பதை இங்கே பென்சில் ஷ்ரிங்க் என்கிறார்கள். அது ‘வாட்டக் கழிவு’. நெல் வியாபாரத்தில் ஈரத்துக்குக் கழிப்பது போலத்தான். திரும்ப எடை ஏறும் நாட்கள் ‘தேறும் காலம்’.

சொல்லைச் சோதிக்க ஒரு பத்தி எழுதினேன், பாருங்கள்:

“அமெரிக்காவில் 1873-இலேயே வந்த 28 மணி நேரச் சட்டம், கால்நடைகளை அதற்கு மேல் தொடர்ந்து கொண்டுசெல்லாமல் இறக்கித் தீனி, தண்ணீர், ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. ஆனால் வழிவாட்டத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நேர்ந்துவிடுகிறது. ஈரம் மிகுந்த இளம்புல் மேய்ந்த மாடு, உலர்தீனி தின்ற மாட்டைவிட அதிகம் வாடும். வாடி வந்த இளங்கன்று முதல் வாரம் உயிர் எடையில் 0.5 முதல் 1.5 சதவீத அளவுக்கே தீனி எடுக்கும். ஆகவே தேறும் காலத்தில் கொடுக்கும் கொஞ்சத் தீனியிலேயே புரதமும் தாதுக்களும் செறிவாக இருக்க வேண்டும். அறுவைக்கு முன் நீண்ட அயர்ச்சிக்கு உள்ளான மாட்டின் தசையில் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜன் தீர்ந்துவிடுவதால் இறைச்சியின் காரஅமில நிலை (pH) 5.6 அளவுக்கு இறங்காமல் 6-ஐ ஒட்டியே நின்று, நிறம் கறுத்துவிடும்.”

எனக்கு எங்கும் இடறவில்லை. ‘அதிகம் வாடும்’, ‘வாடி வந்த கன்று’ என்று வினையாகவும் எச்சமாகவும் ஓடுவது பெரிய ஆறுதல். ‘சுருக்க’த்தையோ ‘சேதார’த்தையோ வைத்து இந்தப் பத்தியை எழுதிப் பாருங்கள், இரண்டாவது வரியில் நின்றுவிடும்.

ஒன்று பாக்கி. கொங்குப் பேச்சை மட்டும் நம்பிச் சொல் வைக்கிறோம் என்ற குறை வரக்கூடாது. தேனிப் பக்கம் மலைமாடு மேய்ப்பவர்கள், சிவகங்கையில் புலிக்குளம் மாட்டுக்குக் கிடை போடுகிறவர்கள், வன்னியில் பட்டி வைத்திருப்பவர்கள் என்று யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு கேள்வி மட்டும் கேட்டு எழுதுங்கள்: தூரம் நடந்து வந்து வயிறு ஒட்டி நிற்கிற மாட்டை, நோயில்லாத மாட்டை, ஒரே சொல்லில் என்னவென்று சொல்வீர்கள்? நாம் கேட்கிறோம் என்று தெரியாமல் அவர்கள் பேச்சுவாக்கில் சொன்னால் இன்னும் நல்லது. அடுத்த ஞாயிறு வரை அந்த வரிசையைக் காலியாகவே விட்டுவைக்கிறேன்.