புதுப்பிப்பு: 53 சதவீதத்தோடு மேலாண்மையில் பிஎச்டி

போன வருடம் இங்கே கேட்டிருந்தேன்: எம்பிஏவில் 53 சதவீதம்தான், பாம்பனில் அப்பாவின் படகுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாமா என்று. பலர் முதுகலையில் 55 சதவீதம் இல்லாமல் முடியாது என்றீர்கள். பொதுப் பிரிவுக்குத்தான் அது. கிரீமிலேயரில் (வசதியான பிரிவில்) வராத ஓபிசிக்கு, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோருக்கு, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் 5 சதவீதத் தளர்வு உண்டு. நானும் அந்தப் பிரிவுதான். ஆனால் வீட்டிலிருந்த சாதிச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். அதற்கே மூன்று தடவை அலைந்தேன்.

அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதினேன். மாத உதவித்தொகை தரும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) தகுதி கிடைக்கவில்லை, 'பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும்' பட்டியலில் வந்தேன். இதில் சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் எடை. இந்த நெட் மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும் என்பதால் காத்திருக்க முடியாது.

அடி விழுந்தது ஆய்வு முன்மொழிவில். 'மீனவர் தொழில்முனைவு' என்று பொத்தாம்பொதுவாக எழுதி ஐந்து பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் மட்டும், "இதில் கேள்வி எங்கே?" என்று பதில் போட்டார். கோபம் வந்தது, ஆனால் நியாயம்தான். ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்க, உட்கார்ந்து மாற்றி எழுதினேன்: வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்கு, ஏலத்தில் மீன் விலை எவ்வளவு குறைகிறது? அப்பாவின் பழைய நோட்டுகளே முதல் தரவு. "என் பேரைப் போடாதே" என்றார் அப்பா, சரி என்றேன்.

இப்போது அதே பேராசிரியரின் துறையில் நேர்காணல் முடிந்திருக்கிறது. முடிவு வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.