போக 8 மணி, வர 7 மணி

அத்தை: ஏம்மா, லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்ல இருந்து நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட் 5,540 கி.மீ.னு நெட்ல இருக்கு. மணிக்கு 900 கி.மீ. வேகம்னா ஆறு மணி சொச்சம்தானே? உன் டிக்கெட்ல 11க்குக் கிளம்பி மதியம் 2க்கு இறங்குதுன்னு போட்டிருக்கு. நான் எத்தனை மணிக்கு ஏர்போர்ட் வரட்டும்?

அக்கா: அந்த 2 மணி நியூயார்க் நேரம் அத்தை. லண்டன்ல அப்ப சாயங்காலம் 7 ஆயிடும். மொத்தம் 8 மணி நேரம்.

தாத்தா: திரும்பி வர்றது மார்ச் 16 ராத்திரி 9க்குக் கிளம்பி மறுநாள் காலைல 8க்கு இறங்குது. 5 மணி வித்தியாசத்தைக் கழிச்சா 6 மணி நேரம்தான். போகும்போது மட்டும் நடுவுல எங்கயாவது நிறுத்துறாங்களா?

அண்ணன்: இல்ல தாத்தா, ரெண்டுமே நேரா போறதுதான். அந்த ரெண்டு மணி நேர வித்தியாசத்துல ஒரு மணி நேரம் கடிகாரத்தோடது. அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வச்சிடுவாங்க. பிரிட்டன்ல கடைசி ஞாயிறுதான். நடுவுல இருக்கிற வாரங்கள்ல வித்தியாசம் 4 மணிதான். அதனால வர்றதுக்கு 7 மணி நேரம்.

தாத்தா: அப்பவும் ஒரு மணி இடிக்குதே.

அண்ணன்: அது காத்து. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்துல மேற்குல இருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஓடுது, குளிர்காலத்துல இன்னும் பலமா இருக்கும். 900ல பறக்கிற விமானத்தை எதிர்க்காத்து 100 கி.மீ. இழுத்தா தரைக்கணக்குல 800தான். பின்னால இருந்து 150 தள்ளினா 1,050. 2020 பிப்ரவரியில புயல் நேரத்துல நியூயார்க்ல கிளம்பின ஒரு விமானம் 5 மணி நேரத்துக்குள்ள லண்டன்ல இறங்கிடுச்சு!

அக்கா: அம்மாடி!

தாத்தா: மேப்ல கோடு வடக்க வளைஞ்சு கனடா ஓரமா போகுதே, அது சுத்து இல்லையா?

அண்ணன்: அதுதான் குறுக்கு வழி தாத்தா. உருண்டையைத் தட்டையா விரிச்சதால வளைஞ்சு தெரியுது. வீட்டு குளோப்ல ரெண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, நூல் அந்தப் பக்கமாத்தான் போகும். 5,540ங்கிறது அந்த நூலோட நீளம். ஆனா விமானம் அப்படியே அந்தக் கோட்டுல போகணும்னு இல்ல. அட்லாண்டிக் மேல தடங்களைக் காத்தைப் பார்த்துத் தினமும் மாத்திப் போடுறாங்க. எதிர்க்காத்தைத் தவிர்க்க 200 கி.மீ. கூடச் சுத்தினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்னா அப்படித்தான் போவாங்க.

அத்தை: அப்ப நெட்ல போட்டிருக்கிற நேரம் தப்பா?

அண்ணன்: தூரத்தை வேகத்தால வகுத்த கணக்கு அத்தை, அவ்வளவுதான். டிக்கெட்ல இருக்கிறது கேட்டை விட்டு நகர்ந்ததுல இருந்து அந்தப் பக்கம் கேட்ல நிக்கிற வரைக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசையில காத்திருக்கிறது எல்லாம் அதுல சேர்த்தி. டிக்கெட்டையே நம்புங்க. கிளம்பினப்புறம் விமான எண்ணைப் போட்டுப் பார்த்தா அன்னிக்குக் காத்துக்கு ஏத்த இறங்குற நேரம் வரும்.

அத்தை: 2 மணிக்கு வாசல்ல நிக்கட்டுமா?

அக்கா: வேண்டாம் அத்தை, இமிகிரேஷன், பெட்டி எல்லாம் இருக்கு. இறங்கினதும் மெசேஜ் போடுறேன், அப்புறம் கிளம்புங்க.