பாஸ்கா நாடகத்துல யூதர்களை இப்படிக் காட்டலாமா?

தண்டையார்பேட்டை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஆர்.சி. எங்க பங்குக்கோயில்ல இந்த வருஷம், ஏசு பாடுபட்டு சிலுவையில செத்ததைக் காட்டுற பாஸ்கா நாடகம் போட்டாங்க, அதுல யூதரா வர்றவங்களுக்கு மட்டும் சார்ட் பேப்பர்ல பெரிய வளைஞ்ச மூக்கு ஒட்டி, கறுப்பு அங்கி மாட்டி, கையில பணமூட்டை குடுத்து விட்டிருந்தாங்க, ஏசுவும் மாதாவும் மட்டும் நல்லா வெள்ளையா அழகா. யூதர் மேடைக்கு வந்தாலே பசங்க கத்துறாங்க. வீட்டுக்கு வந்து என் பையன், "யூதங்களைக் கடவுள் சபிச்சிட்டாராம்மா?"ன்னு கேக்குறான். மனசே சரியில்ல. திருச்சபை என்னதான் சொல்லுது? பங்குப் பேரவைல பேசணும்.

மறைக்கல்வி டீச்சர்:
தைரியமா பேசுங்க சிஸ்டர். 1965 அக்டோபர் 28ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகத்து ஆயர்கள் கூடின பெரிய கூட்டம், மத்த மதத்துக்காரங்களோட உறவு பத்தி 'நோஸ்த்ரா ஏத்தாத்தே'ங்கிற ஏட்டை வெளியிட்டிருக்கு, அதுல நாலாவது பகுதி யூதர் பத்தினது, 2,221 பேர் ஆதரவு, எதிர்ப்பு வெறும் 88. ஏசுவோட பாடுகளுக்கு அன்னைக்கு இருந்த எல்லா யூதர் மேலயும் பழி போடக்கூடாது, இன்னைக்கு இருக்கிறவங்க மேலயும் போடக்கூடாது, கடவுள் அவங்களைத் தள்ளிட்டாரு, சபிச்சிட்டாருன்னு மறைக்கல்வியிலயோ பிரசங்கத்துலயோ சொல்லக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. 1986ல போப் ரெண்டாம் ஜான் பால் ரோம்ல இருக்கிற யூத ஜெபக்கூடத்துக்கே போய், நீங்க எங்க மூத்த சகோதரர்கள்னு சொன்னாரு. பெரிய வெள்ளி பொது மன்றாட்டுலயே யூத மக்களுக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கிறோம், அதே வாரம் மேடையில மூக்கு ஒட்டினா அந்த ஜெபத்துக்கு என்ன அர்த்தம்?

வண்ணாரப்பேட்டை:
இதெல்லாம் ஓவர். மத்தேயு 27:25ல ரத்தப்பழி எங்க மேலயும் எங்க பிள்ளைங்க மேலயும்னு ஜனங்களே சொல்றாங்களே? இருக்கிறதைத்தானே நடிக்கிறாங்க.

பெரம்பூர் சி.எஸ்.ஐ:
பிரதர், அந்த ஒரு வசனத்தை வச்சுதான் ஐரோப்பால தலைமுறை தலைமுறையா யூதரை அடிச்சாங்க. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கின மார்ட்டின் லூத்தரே 1543ல அவங்க ஜெபக்கூடத்தைக் கொளுத்துங்கன்னு எழுதி வச்சாரு, நாஜிங்க அதைத் தூக்கிக் காட்டினாங்க. அந்த எழுத்தெல்லாம் எங்களுக்கு வேணாம்னு 1994ல அமெரிக்க லூத்தரன் சபையே அறிக்கை விட்டுச்சு. கத்தினது பிலாத்து முன்னாடி நின்ன கூட்டம். தீர்ப்பு எழுதினது ரோம கவர்னரான அந்த பிலாத்து, ஆணி அடிச்சது அவன் சிப்பாய். அழுதுக்கிட்டே ஏசு பின்னாடி போன பொம்பளைங்க யாரு? யூதர்தான். மாதா யூதப்பொண்ணு, ராயபுரத்துல கோயில் கட்டிக் கும்புடுற ராயப்பரும் (பேதுரு) யூதர். ரோமர் 11ஐ ஒரு தடவை உக்காந்து படிங்க, நீ ஒட்டுப்போட்ட காட்டு ஒலிவக்கிளை, வேரை நீ தாங்கல, வேர்தான் உன்னைத் தாங்குது, பெருமையடிக்காதேன்னு பவுல் நம்மளப் பாத்துதான் சொல்றாரு.

மண்ணடிக்காரன்:
நம்ம பவளக்காரத் தெருவுல ஒரு காலத்துல யூத வியாபாரிங்க இருந்தவங்கதான், பவளம் வைரம்னு ஜார்ஜ் கோட்டையோட வியாபாரம் பண்ணாங்க. இன்னொண்ணும் சொல்லிடுறேன், யூதரைக் கேலி பண்ற அதே வாய்தான் நாளைக்கு பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தையும் பேசும், எங்க ஏரியால கண்ணால பாக்குறேன். அக்கா, மூக்கையும் பணமூட்டையையும் எடுக்கச் சொல்லுங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி டிரஸ் போடச் சொல்லுங்க. பிலாத்து சீனைக் குறைக்க விடாதீங்க, தீர்ப்பு எழுதினது யாருன்னு பசங்களுக்குத் தெரியணும்.

தண்டையார்பேட்டை அம்மா:
ரொம்ப நன்றிங்க. அந்த ஏட்டோட நாலாவது பகுதியை பிரிண்ட் எடுத்துட்டேன், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபாதர்கிட்ட குடுக்கப்போறேன்.